ஒண்ணாவும் ஹாவும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து எனக்கு ஒழுங்காக வராது. ஒரு வரியில் தொடங்கியதை அடுத்த வரியில் மறந்துவிட்டு வேறொன்றை எழுதிக்கொண்டிருப்பேன். மருமகள், "மாமி, வாயால சொல்லுற மாதிரியே எழுதுங்க" என்கிறாள். வாயால் சொல்வது எனக்கு இதைவிடக் கஷ்டம் என்பது அவளுக்குத் தெரியாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் வாய் திறக்காது. ஏன் என்பதும் இதற்குள் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது புளித்த பால் மணக்கிற கதை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து வாசியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் கனடாவில், ஸ்காபுறோவில் ஒரு முதியோர் இல்லத்து லோண்டரியில் வேலை செய்தேன். நாங்கள் அப்போது மில்லிக்கனில் மகனோடு இருந்தோம். லோண்டரியில் என்னோடு வேலை செய்தவள் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முப்பது வயது இருக்கும். இங்கிலிஷ் கொட்டும். சுப்பவைசர் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வதும், நான் சொல்வதைத் திருப்பி அவருக்குச் சொல்வதும் அவள்தான். காலையில் தன் காரிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு போவாள். நல்ல பிள்ளை. அதை நான் இப்போதே எழுதிவிடுகிறேன், பின்னால் எழுதப்போவதைப் பார்த்து யாரும் அவளைத் தப்பாக நினைக்கக்கூடாது.

நான் மட்டக்களப்புப் பக்கம். என் தமிழ் அவளுக்கு விளையாட்டுச் சாமான்.

"கிறுகி நில்லு புள்ள, முதுகில நூல் ஒட்டிக் கிடக்கு" என்று ஒருநாள் சொன்னேன். எங்கள் ஊரில் திரும்பி நில் என்பதைத்தான் அப்படிச் சொல்வோம்.

"என்ன, கிறுகிறுக்குதோ? ஐயோ, அன்ரிக்குத் தலை சுத்துதாம், ஆராவது ஓடிவாங்கோ!" என்று அவள் சலவை மிசினைப் பார்த்துக் கத்தினாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

இன்னொரு நாள் இடுப்புப் பிடித்திருந்தது. ஈரத் துணி மூட்டையைத் தூக்கி நடுவழியில் நிற்கிறேன். சுப்பவைசர் வந்து ஏதோ கேட்டார்.

"அன்ரி, மற்ற மூட்டையையும் நீங்கள் கொண்டுபோவியளோ எண்டு கேக்கிறார்."

"ஒண்ணா புள்ள. இடுப்பு வலி."

"ஒண்ணாவோ, ரெண்டாவோ, மூண்டாவோ?"

"பகிடி விடாத புள்ள. ஒண்ணா எண்டு சொல்லு."

"அப்பிடி ஒரு சொல் தமிழில இல்லை அன்ரி. ஏலாது எண்டு சொல்லுங்கோ. சொன்னால்தான் நான் இங்கிலிசில சொல்லுவன்."

சுப்பவைசர் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். மூட்டையிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டுகிறது. "ஏலாது" என்றேன். இரண்டுக்கும் முடியாது என்றுதான் அர்த்தம். உடனே அவள் அழகாக இங்கிலிஷில் சொன்னாள். சுப்பவைசர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெளியில் வாய் திறக்கும்போதெல்லாம், இந்தச் சொல் எங்கள் ஊர்ச் சொல்லா, எல்லாருக்கும் பொதுச் சொல்லா என்று உள்ளுக்குள் தடவிப் பார்த்துத்தான் பேசுவேன். தடவிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். அப்படித்தான் நான் பேசாத மனுஷி ஆனேன்.

துவைத்து மடித்த துணியை மாடியில் அறை அறையாகக் கொண்டுபோய் அலுமாரிகளில் வைப்பதும் என் வேலை. மாடியில் ஓர் அறையில் இரண்டு அயர்லாந்துக் கிழவிகள் இருந்தார்கள். பெயர் எழுத எனக்கு விருப்பமில்லை. ஒருத்தி அந்த நாட்டின் வடக்கு மூலையில் பிறந்தவள், மற்றவள் தெற்கு மூலை. வடக்கம்மா, தெற்கம்மா என்றே வைத்துக்கொள்கிறேன்.

அயர்லாந்துக்காரர்களுக்கு இங்கிலிஷைத் தவிர வேறொரு பழைய பாஷை இருப்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். வடக்கம்மாவுக்கு ஸ்ரோக் வந்திருந்தது. அதில் ஒரு கையும் இங்கிலிஷும் போய்விட்டன. சின்ன வயதில் பேசிய அந்தப் பழைய பாஷை மட்டும் மிச்சம். தலையும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். ஓம் என்றாலும் ஆடும், இல்லை என்றாலும் ஆடும், தூங்கினாலும் ஆடும். தெற்கம்மாவுக்குக் கால்தான் பழுது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. முந்தி இந்த ஊரில் அயர்லாந்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் அந்தப் பாஷை சொல்லிக்கொடுத்தவள் என்று அவளே எல்லாரிடமும் சொல்வாள். இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டால் ஒருத்தி பேசுவதை மற்றவள் இங்கிலிஷில் சொல்வாள் என்று இல்லத்தில் நினைத்தார்கள். வடக்கம்மாவின் மகன் பக்கத்து ஊரான அஜக்ஸில் இருந்தார். அவருக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. அம்மாவுக்குப் பேச்சுத் துணை கிடைத்தது என்று தெற்கம்மாவுக்குச் சொக்லட் பெட்டி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

ஒரே பாஷை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அறைக்குள் போகும்போதெல்லாம் தெற்கம்மா மற்றவளைத் திருத்திக்கொண்டிருப்பாள். சாப்பாட்டில் உருளைக்கிழங்கு வரும். வடக்கம்மா அதைப் பார்த்து "ப்ரேத்தீ" என்பாள். தெற்கம்மா கரண்டியால் தட்டில் தட்டி, "ப்ராத்தீ! ப்ராத்தீ!" என்பாள். உருளைக்கிழங்கு ஆறிப்போகும். வெளியில் பனி கொட்டினால் வடக்கம்மா ஜன்னலைக் காட்டி "அவர்க், அவர்க்" என்பாள். நான் எந்த அவரைச் சொல்கிறாள் என்று எட்டிப் பார்ப்பேன். பார் என்பதற்கு அவள் ஊரில் அந்தச் சொல்லாம். தெற்கம்மாவின் ஊரில் அதற்கு வேறு சொல். அதைச் சொல்லும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பமாட்டாள்.

தெற்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கும். நான் பேசாமல் கேட்பேன் என்பதால் இருக்கலாம். அலுமாரியில் துணி அடுக்கும்போது மெதுவாக, எனக்கு விளங்கட்டும் என்று, சின்னச் சின்ன இங்கிலிஷில் பாடம் நடத்துவாள். "நான் இருந்தேன் என்பதற்கு நாங்கள் 'வீஸ்' என்போம். ஒரே சொல். அதற்குள்ளேயே நான் இருக்கிறேன். அவளுடைய ஆட்கள் 'வீ மே' என்பார்கள். ஒரு சொல்லில் முடிகிறதை இரண்டாக உடைத்துவிட்டார்கள். சோம்பேறிகள்."

எனக்கு அது உடனே விளங்கியது. நாங்களும் 'இருந்தன்' என்றால் போதும், நான் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நல்லாக இருக்கிறதே என்று தலையாட்டினேன். ஆனால் இரண்டாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று விளங்கவில்லை. அதைக் கேட்க எனக்கு இங்கிலிஷ் போதாது.

இனிப் பால்.

சாப்பாடு குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்குத் தகர ரின்னில் வருகிற ஒரு பால் கொடுப்பார்கள். தடித்துப்போய், வனிலா வாசத்தோடு, தித்திப்பாக இருக்கும். வடக்கம்மாவுக்கும் மூன்று நேரமும் அது. அவளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுக்குள் போன கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும். பெட்சீற், தலையணை உறை, இரவு உடுப்பு, சுவரோரத்துத் திரைச்சீலை வரைக்கும். எல்லாம் மஞ்சள் பையில் கட்டி எங்களிடம் கீழே வரும்.

அந்தப் பையை அவிழ்க்கிறது இருக்கிறதே, அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நான் பிள்ளை பெற்று வளர்த்தவள், மாமியாரைப் படுக்கையில் பார்த்தவள், மலசலம் எனக்குப் பெரிதில்லை. இந்த வாசம் வேறு. வனிலாவும் புளிப்பும் ஒன்றாகச் சேர்ந்து, கட்டி கட்டியாக, துணி மடிப்புக்குள் வழவழவென்று ஒட்டிக்கொண்டு, வெந்நீர் பட்டதும் ஆவியோடு முகத்தில் அடிக்கும். கையுறை போட்டாலும் விரலில் இருப்பது போலவே இருக்கும். வீட்டுக்கு வந்து மருமகள் பால் தேத்தண்ணி தந்தால் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோக முடியாது. அன்றைக்கு விட்ட பால் தேத்தண்ணியை இன்றுவரை நான் குடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை மூக்கில் துணி கட்டிக்கொண்டு, "உந்த மனிசிக்குப் பாலைக் குடுக்காமல் எங்களுக்குத் தந்தால் நாங்களே நேரை மிசினுக்குள்ள ஊத்திவிடலாம், ஒரு வேலை மிச்சம்" என்பாள்.

வாந்தி எடுக்கிறாள், நிறுத்துங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் கேட்டேன். அங்கே கிழவர்கள் எல்லாருமே கப்பைத் தள்ளுவார்கள், தள்ளுவதையெல்லாம் பார்த்தால் ஒருவரும் ஒரு நேரமும் சாப்பிடமாட்டார்கள் என்று நேர்ஸ் சொல்வாளாம். தலை எப்போதும் ஆடுகிறபடியால் தலையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லவும் வடக்கம்மாவால் முடியாது. வாந்திக்கு உடம்பில் இருக்கிற வருத்தம்தான் காரணம், மருந்து மாற்றலாம் என்று மருந்தை மாற்றினார்கள். ஏனென்றால் பால் வேண்டுமா என்று கேட்டால் அவள் வேண்டும் என்கிறாள் என்று தெற்கம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதை நான் ஒருநாள் நேரில் பார்த்தேன். துவாய் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். நேர்ஸ் கப்போடு வந்தாள். வடக்கம்மா சொன்னாள்: "ஹனோலிம்."

நேர்ஸ் தெற்கம்மாவைப் பார்த்தாள். "என்ன சொல்கிறாள்?"

"குடிக்கிறேன் என்கிறாள்" என்றாள் தெற்கம்மா.

நேர்ஸ் சந்தோஷமாகக் கப்பைச் சாய்த்தாள். வடக்கம்மா இரண்டு தரம் மூன்று தரம் அதையே சொன்னாள். கடைசித் தரம் சொல்லும்போது வாய்க்குள் பால் இருந்தது. பாதி நாடியில் வழிந்தது. என் கையிலிருந்த புதுத் துவாயால் நான்தான் துடைத்தேன்.

நேர்ஸ் போனதும் தெற்கம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவள் சொன்னது எனக்கு விளங்கின அளவில் இதுதான்:

"குடிக்கமாட்டேன் என்றுதான் சொன்னாள். ஆனால் அதைச் சொல்கிற முறையா அது? ஹா! ஹா என்பது ஒரு சொல்லா? தும்மல். எங்களிடம் அதற்கு 'நீ' என்று சொல்லவேண்டும். 'நீ ஓலிம்.' குடிக்கமாட்டேன். அவள் அந்த ஹாவைப் போட்டு மூக்கால் இழுத்துவிட்டு ஓலிம் என்கிறாள். ஓலிம் என்றால் குடிக்கிறேன். நான் அதைத்தான் சொன்னேன்."

"யூ நோ?" என்று கேட்டேன். எனக்கு வந்த இங்கிலிஷ் அவ்வளவுதான். உனக்குத் தெரியுமா என்று.

"தெரியாமல் என்ன? அவள் பேசுவது எல்லாம் எனக்கு விளங்கும். சரியாகச் சொல்லட்டும், நானும் சரியாகச் சொல்கிறேன். இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்தத் தும்மலையும் பாஷை என்று ஒத்துக்கொள்ள ஏலுமா?"

சொல்லிவிட்டுச் சொக்லட் பெட்டியை நீட்டினாள். அந்த மகன் கொடுத்த பெட்டி. நான் எடுக்கவில்லை. பாலைத் துடைத்த துவாய் கையில். அந்த வாசமும் இந்த மனுஷியும் ஒன்றாகவே எனக்குள் போயின. இன்றைக்கும் வனிலா வாசம் வந்தால் அவள் கண் சிமிட்டியதுதான் முதலில் ஞாபகம் வரும்.

கீழே வந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் சொன்னேன். தடவிப் பார்க்காமல், வந்த வார்த்தையில் எல்லாம் கொட்டினேன்.

"சீ! என்ன சாதிப் பிறவி அன்ரி அது! விளங்கியும் விளங்காத மாதிரி இருக்கிறாளோ? உந்தக் கிழவிக்கு வாயில புழு வைக்கும்."

"மறுகா என்ன செய்யிறது புள்ள? அந்த மனுசிக்கு அது குடிக்க ஒண்ணா."

"ஏலாது" என்றாள் அவள், மிசினுக்குள் துணியைத் திணித்துக்கொண்டே. வாய்ப் பழக்கம். யோசித்துச் சொல்லவில்லை.

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன அன்ரி?"

"நீயும் அப்பிடித்தானே புள்ள செய்த. அண்டைக்கு, மூட்டையோட நான் நிக்கக்குள்ள."

அவளுக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ அன்ரி, அது பகிடியெல்லோ! நான் உங்களை வாந்தி எடுக்கவோ விட்டனான்? உதையும் இதையும் ஒண்டா வைக்கிறியளே!"

"ஒண்டாத்தான் வைக்கிறன்" என்றேன். நான் அப்படிப் பேசினது எனக்கே புதிதாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் காரில் ஏறியதும் அவள் சொன்னாள்: "அன்ரி, அந்தக் கிழவியின்ர விசயத்தை நான் நேர்சிட்டச் சொல்லுறன். மற்ற மனிசி இனியும் சாப்பிடாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயித்தில ஓட்டை போட்டு ரியூப் வைக்கப் போகினமாம். மேல கதைச்சவை, கேட்டனான்."

அதே பாலைத்தான் ரியூபால் வயிற்றுக்குள் விடுவார்கள். வாயால் தள்ளவும் வழியிருக்காது.

சொன்னபடியே அவள் மேலே வந்து நேர்ஸிடம் சொன்னாள். நேர்ஸ் நல்லவள்தான், உடனே தெற்கம்மாவிடம் போய்க் கேட்டாள். நான் கதவோரத்தில் துணி வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தெற்கம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு பாவமான சிரிப்பு. "இந்த அம்மா நல்லவள். ஆனால் இங்கிலிஷ் குறைவு. நான் சொன்னதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டுவிட்டாள், பாவம்" என்றாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை பிறகு கீழே வந்து எனக்கு இதைச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நேர்ஸ் என் தோளில் தட்டி "தாங்க் யூ டியர்" என்றுவிட்டுப் போய்விட்டாள். என் இங்கிலிஷ் குறைவு என்பது உண்மை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. பொய்யைச் சொல்வதற்கு என்னிடம் இருந்த உண்மையை எடுத்துக்கொண்டாள்.

நேர்ஸ் போன பிறகு அவள் சக்கரக் கதிரையை உருட்டிக்கொண்டு வடக்கம்மாவின் கட்டிலுக்குக் கிட்டப் போனாள். விரலை நீட்டி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, "நீ ஓலிம். நீ. நீ. நீ" என்றாள். முதல் நாளே அதற்கு அர்த்தம் கேட்டிருந்தும், என் காதில் அது தமிழாகத்தான் விழுந்தது. யாரோ ஒருத்தியை மரியாதையில்லாமல் நீ நீ என்று விரல் நீட்டி ஏசுவது போல. வடக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தலை ஆடிக்கொண்டிருந்தது.

அந்தக் கிழமை முழுக்க மஞ்சள் பைகள் குறையவில்லை. நான் பையை அவிழ்க்கும்போதெல்லாம், மேலே அவள் இன்னும் ஹாதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அருவருப்புக்குள்ளேயே ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. விடாதே மனுஷி என்று துணியோடு பேசிக்கொண்டு தோய்த்தேன். ஆனால் அவள் உடுப்பின் தோள்பட்டை வரவர அகலமாகிக்கொண்டு வந்தது. ஆள் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வடக்கம்மாவின் மகன் வந்தார். நேர்ஸ் அவரிடம் ரியூப் வைப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்சீற் மாற்ற என்னைக் கூப்பிட்டிருந்தபடியால் அறையில் இருந்தேன். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியாக ஒருதரம் பார்க்கலாம் என்று நேர்ஸ் கப்பை வடக்கம்மாவின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

வடக்கம்மா நேர்ஸைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. எதிர்க் கட்டிலில் இருந்தவளைப் பார்த்தாள். நேரமெடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, "நீ... ஓலிம்" என்றாள்.

தெற்கம்மா இரண்டு கையையும் தட்டினாள். "கேட்டீர்களா! குடிக்கமாட்டேன் என்கிறாள்! இந்தப் பால் வேண்டாம் என்கிறாள்! எவ்வளவு வடிவாகச் சொல்லிவிட்டாள்!"

நேர்ஸ் கப்பைக் கீழே வைத்தாள். மகன் தெற்கம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். "நீங்கள் இல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது" என்றார். அவள் இரண்டு கன்னமும் சிவக்க, "நான்தானே சொல்லிக்கொடுத்தேன், கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறாள்" என்றாள். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் புது பெட்சீற்றின் மூலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு குனிந்தே நின்றேன்.

பாலை நிறுத்தினார்கள். மசித்த உருளைக்கிழங்கும் வெறும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். வயிற்றில் தங்கியது. ரியூப் பேச்சும் நின்றது. மஞ்சள் பை வருவதும் நின்றது. கீழே யாழ்ப்பாணத்துப் பிள்ளை மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்துக் குப்பையில் போட்டாள். உயிர் தப்பியது நல்லதுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உருளைக்கிழங்கு வரும்போது வடக்கம்மா இப்போது "ப்ராத்தீ" என்றாள். கேட்கவே எனக்குக் கூசியது. கேட்டவுடன் சாப்பாடு ஆறாமல் கிடைத்தது.

பிறகு ஒரு நாள், தெற்கம்மாவைக் குளிக்கக் கொண்டுபோயிருந்த நேரம், நான் துணி வைக்கப் போனேன். யாரோ தவறுதலாகப் பழைய பால் ரின் ஒன்றை வடக்கம்மாவின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் அதை எடுத்துக் காட்டி, முகத்தைச் சுளித்து, "ஒண்ணா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் கேட்கிற மாதிரியே, இழுத்து. அவள் என்னைப் பார்த்தாள். கதவையும் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"ஹா" என்றாள். மூக்கால், நல்லாக இழுத்து.

"ஒண்ணா" என்றேன் நான்.

"ஹா" என்றாள் அவள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். ரின்னை வண்டியில் போட்டுக் கீழே கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினேன். அந்த வாசம் வந்தது, ஓங்காளமும் வந்தது, தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

அதற்கடுத்த வருஷம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போதும் இடைக்கிடை போன் எடுப்பாள். "அன்ரி, சுகமோ? வெளிக்கிட்டு ஒருக்கா எங்கட வீட்டை வரலாமெல்லோ?"

"பஸ்ஸில வர ஒண்ணா புள்ள."

திருத்துவதற்கு வாய் வந்து, அவள் அதைப் பிடித்து விழுங்குவது எனக்குக் கேட்கும். "சரி அன்ரி, நானே வந்து ஏத்துறன்" என்பாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த அயர்லாந்துச் சொற்களை நான் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் காதும் மாறியிருக்கும், ஞாபகமும் மாறியிருக்கும். ப்ரேத்தீயை அங்கும் ப்ராத்தீயை இங்குமாக மாற்றி வைத்துவிட்டேனோ தெரியாது. அந்தப் பாஷை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பார்த்துத் திருத்திவிடுங்கள். முக்கியமாக, வடக்குப் பக்கத்தில் அந்த ஹா சொல்தானா, அப்படித்தான் எல்லாரும் சொல்வார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒண்ணாவை மட்டும் திருத்த வேண்டாம்.